ரந்தாவ் தோட்டத்துக் கள்ளுக்கடை

ஜூன் பிறந்துவிட்டால் ரந்தாவ் வட்டாரத்தில் பழக்காலம். செரம்பானுக்குத் தெற்கே லிங்கி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் இந்தச் சிறு பட்டணத்தைச் சுற்றிலும் மலாய்க் கம்பங்களின் தோப்புகளில் டுரியான் விழத் தொடங்கும். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் லங்சாட்டும் கூடைகூடையாகச் சாலையோரத்துக்கு வந்துவிடும். காட்டோரத்தில் கவனிப்பாரின்றி வளர்ந்த மரங்களும் காய்த்துத் தள்ளும். பொறுக்கியது போக மீதி மண்ணில் கிடந்து இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வீசும். பழத்தோலில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட்டு உள்ளே உள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த வாடையே அடையாளம்.

உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி மது செய்வது உலகில் பல நாட்டுக் கிராமங்களின் பழைய வேலை. கோவாவில் கீழே விழுந்த முந்திரிப்பழத்தைக் கூட்டிச் சேர்த்து, மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்துக் காய்ச்சும் பெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடுகளில் வேலியோரத்துக் காட்டுப் பழங்களில் ஒயின் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ரந்தாவைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களிலோ தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் குடித்தது காட்டுப் பழத்தின் மது அல்ல. தோட்டத்துக்குள் தோட்ட நிர்வாகமே உரிமம் எடுத்து நடத்திய கடையில், காசு கொடுத்து வாங்கிய தென்னங்கள். பழம் காட்டில் சும்மா கிடந்தது. கள்ளுக்குச் சம்பளம் போனது. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் தோட்டத் தமிழனின் குடியைப் பற்றிய பேச்சு நியாயமானதாக இருக்கும்.

முதல் காரணம் இயற்கையே. பழம் ஆண்டுக்கு ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. அதைப் பிழிய வேண்டும், சர்க்கரை சேர்க்க வேண்டும், நாள்கணக்கில் மூடிவைக்கப் பாத்திரமும் இடமும் வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் குடும்பம் காலை நீட்டிப் படுக்கவே இடம் இருந்ததில்லை. தென்னைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆண்டு முழுவதும் பாளை விடும். பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை. கலயத்தில் முந்தைய நாளின் கசடு ஒட்டியிருந்தால் போதும், வெயில் ஏறுவதற்குள் நுரை கட்டிவிடும். ஒரே நாளில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து சேர்ந்துவிடும். மறுநாள் புளிப்பு மிஞ்சும், அதற்கும் மேல் விட்டால் காடி. அன்றன்று இறக்கி அன்றன்று குடித்தாக வேண்டிய பொருள் இது.

அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால் வீட்டு மது அங்கே அந்நியமானதாக இருக்கவில்லை. மலாய்க்காரர் வீடுகளில் புளுட் எனும் பசையரிசியிலோ மரவள்ளியிலோ ராகி எனும் புளிப்பு மாவைத் தூவி இலையில் பொதிந்து புளிக்கவைக்கும் தாப்பாய் உண்டு. அது தின்பண்டம், விருந்துக்கு உரியது. ஹக்கா சீனர் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு என்றே ஜாடியில் அரிசி ஒயின் ஊறிக்கொண்டிருக்கும், கோழிக்கறியும் அதிலேயே வேகும். கபோங் பனையின் நீரைக் காய்ச்சி மலாய்க்காரர்கள் கட்டிச் சர்க்கரை ஆக்கினார்கள். பக்கத்து மலாக்காவில் தென்னம்பாளை நீரைக் காய்ச்சியதுதான் ஊரெல்லாம் பேர்பெற்ற மலாக்காச் சர்க்கரை. தமிழன் குடித்த அதே நீர்தான். புளிக்கும் முன் அடுப்பில் ஏற்றினால் சர்க்கரை, கலயத்தில் விட்டால் கள்.

தமிழருக்கும் வீட்டில் மது செய்யும் மரபு இருந்தது. இல்லத்தில் சமைத்த நெற்கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. நறவும் தேறலும் சங்கப் பாட்டுகளில் மன்னன் அவையிலிருந்து மறவன் குடிசை வரை வழங்கின. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். ஊரில் பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும் பருவத்துக்கேற்ப இறங்கின. ஆனால் கப்பல் ஏறிய தலைமுறைக்கு அந்த உரிமை ஊரிலேயே பறிபோயிருந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்திலிருந்து கள் இறக்குவதையும் சாராயம் காய்ச்சுவதையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. கடை ஏலம் போகும், ஏலம் எடுத்தவன் விற்பான், அரசுக்கு வருவாய். குடி என்றால் கடை என்ற பழக்கத்தோடுதான் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த டிப்போக்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரந்தாவ் பக்கத்துக்கு அவர்கள் வந்தது ரப்பருக்கும் முன்பே. இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தபின் அங்கிருந்து கிளம்பிய துரைமார்கள் சிலர் 1880-களில் இந்த வட்டாரமான சுங்கை ஊஜோங்கில் காடு வெட்டினார்கள். ரந்தாவுக்கு அருகே உள்ள லின்சும் அந்தக் காலத்துக் காப்பித் தோட்டம். 1891-இல் செரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் பாதை திறந்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலை சரிந்ததும் அதே நிலத்தில் பால்மரமாகிய ரப்பரை நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் லிங்கி, கொம்போக், சிலியாவ் என்று வரிசையாக எங்கும் பால்மரக் காடு. ஆள் பிடிக்கும் செலவைத் துரைமார்கள் பகிர்ந்துகொள்ள 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தை அழைத்துவரும் முறையே ஓங்கியது.

விடியும் முன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு. பிறகு வெட்டுமரம், மங்கு, பால் வாளி. பகல் தாண்டி ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் எஞ்சியிருக்கும் நேரத்தைப் போக்க அங்கே என்ன இருந்தது? பட்டணத்துக்குப் போக வண்டி கிடையாது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். வாசகசாலை அரிது. மாரியம்மன் கோயில் இருந்தது, திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை. கள்ளுக்கடை ஒன்றுதான் நாள்தோறும் திறந்திருந்தது.

அந்தக் கடை ஏதோ திருட்டுத்தனமாக முளைத்தது அல்ல. மேற்குக் கரை மாநிலங்களின் பெரிய தோட்டங்களில் அரசு அனுமதியோடு, நிர்வாகத்தின் பொறுப்பில் கடை நடந்தது. தகரமோ அத்தாப்போ வேய்ந்த கொட்டகை, பீப்பாய், அளந்து ஊற்றும் குவளை, உட்காரப் பலகை. லாபத்தைத் தனி நிதியாக வைத்துத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் அதிலிருந்து பணம் போனதுண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், குடித்தவன் வீட்டு அரிசிக் காசுதான் ஊர்ப் பந்தலாகத் திரும்பி வந்தது. நிர்வாகம் தன் கையிலிருந்து செய்ய வேண்டிய நலப்பணியைத் தொழிலாளியின் குடியே சுமந்தது. இந்த ஏற்பாட்டை நலத்திட்டம் என்று பெயரிட்டு அழைத்ததை மன்னிக்க முடியாது.

துரைமார்கள் தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லப்பட்டன. கடை இல்லாவிட்டால் ஆள் சம்சு எனும் கள்ளச் சாராயத்துக்குப் போவான் என்பது ஒன்று. கடை உள்ள தோட்டத்தைத் தேடி ஓடிவிடுவான் என்பது இன்னொன்று. கள் சத்துள்ள பானம், வைட்டமின் பி நிறைந்தது, உழைப்பவன் உடம்புக்கு நல்லது என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் முதலாளியின் கவலை வெளிப்படையாகவே தெரிகிறது. மூன்றாவதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்கான விடை ரந்தாவ் இருக்கும் நெகிரி செம்பிலானிலேயே கிடைத்திருந்தது.

வைட்டமின் பி குறைந்தால் வரும் நோய் பெரிபெரி. கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் ஓய்ந்து ஆள் சாய்வான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கில் சீனர்களைக் கொன்ற நோய் அது. செரம்பானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்டு பிராடன் ஒன்றைக் கவனித்தார்: பச்சரிசி தின்ற சீனர்களை அடித்துப்போடும் இந்த நோய், அதே ஊரில் இருந்த தமிழர்களை அநேகமாகத் தொடவே இல்லை. தமிழர் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1907-இல் பிராடன் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு ஜெலுபு மாவட்டத்தின் காட்டுப் பகுதியில் சாலை போட்ட ஜாவாக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் சோதனை தொடங்கினார்கள். பச்சரிசிக் குழுவில் நோய் வந்தது. புழுங்கலரிசிக் குழுவில் வரவில்லை. மருத்துவ உலகம் மறக்காத சோதனை அது.

ஆகத் தமிழனுக்கு வைட்டமின் பி தன் வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்தே கிடைத்துக்கொண்டிருந்தது. கள்ளில் அந்தச் சத்து இருப்பது உண்மைதான், ஈஸ்ட்டு உள்ள எந்தப் புளித்த பானத்திலும் இருக்கும். ஆனால் அதற்காக அவன் கள்ளுக்கடைக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அவனுக்குக் குறைந்தவை பாலும் முட்டையும் காய்கறியும். அவற்றைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து மலிவாக விற்க ஒரு கடை போட்டிருக்கலாம்.

காசுக் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. 1920-களின் கடைசியில் அரசு நிர்ணயித்த கூலி, எளிதில் போய்வரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இத்தகைய கூலியில் ஒரு குவளைக் கள்ளும் சிறிய செலவல்ல. கணவன் சம்பளத்தில் ஒரு பங்கு கடையில் கரைந்தால் பெண்ணின் குறைந்த கூலியில்தான் வீடு ஓடியது. பெண்களும் குடித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பலர் ஆப்ப மாவு புளிக்க ஒரு கிண்ணம் கள் வாங்கியதோடு சரி. அடியும் உதையும், அடகுக்குப் போன தோடும், சம்பள நாளில் வாசலில் நின்று காத்திருந்த பிள்ளைகளும் பெண்ணின் பங்குக்கு வந்தவை.

இனி மரத்தில் ஏறியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து வரலாறு எழுதுவோர் பால்வெட்டுக்காரனை எழுதுவார்கள், கங்காணியை எழுதுவார்கள். கள் இறக்கியவனை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அவன் தொழிலோ மிக நுட்பமானது. விரியாத பாளையைத் தேர்ந்தெடுத்து நாரால் இறுக்கிக் கட்டுவான். அடுத்த சில நாள்கள், காலையும் மாலையும் மரக்கட்டையால் அதை மெல்லத் தட்டுவான். தட்டு பலமாக விழுந்தால் உள்ளே பூ நைந்து பாளை அழுகும், பலம் குறைந்தால் நீர் ஊறாது. எத்தனை தட்டு, எந்த இடத்தில் என்பது கைக்குத்தான் தெரியும். பிறகு நுனியை வழித்தெடுத்தாற்போலச் சீவுவான். அதற்கென்றே தனிக் கத்தி, வேறெதையும் அதனால் வெட்டமாட்டான். அதன் கூர் மழுங்கினால் அன்றைக்குச் சொட்டு நின்றுவிடும். பாளையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டி நுனியில் கலயத்தை மாட்டுவான். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு மெல்லிய சீவு, அப்போதுதான் கண் அடைபடாமல் நீர் ஒழுகும். காலில் தளை, இடுப்பில் கத்திப் பெட்டியும் குடுவையும், நாளுக்கு இரண்டு வேளை, மரத்துக்கு மரம். மழையில் வழுக்கும் மரத்திலும் ஏறியாக வேண்டும், ஒரு நாள் விட்டால் பாளை வீணாகும். விழுந்தவர்கள் பலர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே நீர் புளிக்காமல் பதனீராக இறங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். தோட்டத்துக்குத் தேவைப்பட்டது பதனீர் அல்ல.

அவன் இறக்கிய கள்ளுக்குக் கோயிலிலும் இடம் இருந்தது. தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டிக்குச் சுருட்டும் மதுவும் படைப்பது இன்றும் மலேசியாவில் காணக்கூடிய வழக்கம். ஊரிலிருந்து வந்த சாமி, ஊரிலிருந்து வந்த படையல். சீர்திருத்தக்காரர்கள் கள்ளை எதிர்த்தபோது இந்த வழக்கத்தையும் சேர்த்துத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

எதிர்ப்பு பல பக்கத்திலிருந்து வந்தது. 1921-இல் கள்ளுக்கடை மறியலின்போது தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். அவரது பயணம் எழுப்பிய அலையில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வளர்ந்தது. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு இதழ் அந்தக் கருத்துகளைத் தோட்டத்து லயம் வரை கொண்டுபோனது. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவானது. அதே ஆண்டின் இறுதியில் இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, குறைத்த கூலியைப் பழையபடி தர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

ஊரிலோ, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அப்படியென்றால் சேலத்தில் தங்கிவிட்ட அண்ணனுக்கு ஊர்க் கள்ளுக்கடை மூடப்பட்டது, அதே வீட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தம்பிக்குத் தோட்டத்துக் கடை தினமும் திறந்திருந்தது. இரண்டு இடத்திலும் மேலே பறந்தது பிரிட்டிஷ் கொடி. கடையை மூட முடியாது என்று மலாயாவில் சொன்னவர்களுக்கு இந்த ஒரு தேதியே போதுமான பதில்.

1941-இல் தொழிலாளரின் பொறுமை முடிந்தது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படிக்கும் எவருக்கும் அந்த வாழ்க்கை கண்முன் வரும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, துரைமாரும் கிராணிகளும் பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு முடிவு, அதிகாரிகளின் முன் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை. அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கடையை மூடச் சொன்னவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர், அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள். கள்ளில்லாமல் தமிழனால் வேலை செய்ய முடியாது என்ற துரைமார் பேச்சு அன்றோடு செத்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூரைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. அவசரநிலை அறிவித்து, படையை இறக்கி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறித்துத்தான் அதை அடக்கினார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஜப்பானியர் காலம் வந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆட்கள் வாரிச் செல்லப்பட்டார்கள், லயங்கள் காலியாயின. போர் முடிந்தபோது இந்தியத் தேசிய ராணுவத்தில் அணிவகுத்து நடந்த இளைஞர்கள் பழையபடி கைகட்டி நிற்கத் தயாராக இல்லை. கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சீருடை அணிந்து லயங்களில் கூட்டம் போட்டு, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களுக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலைப் போலீஸ் கலைத்தபோது ஒரு தொழிலாளி இறந்தார். கள் குடிக்காதே என்று சொன்னதற்காகத் தமிழன் அரசாங்கத்திடம் அடிபட்டுச் செத்த நாடு மலாயா. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

நெகிரி செம்பிலானில் அதே 1946-47 காலத்தில் இந்தியத் தொழிலாளர் சங்கம் வேரூன்றியது. அதிலிருந்து வந்த பி. பி. நாராயணன் பின்னர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளர் ஆனார். சங்கம் கூலியைப் பேசியது, பிறகு மாதச் சம்பளத்தைப் பேசியது. கள்ளுக்கடைகள் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்து, ஒவ்வொன்றாகத்தான் குறைந்தன.

குறைந்த இடத்தில் நல்லது வந்து உட்கார்ந்ததா என்றால் இல்லை. முன்பு காட்டோரத்தில் ஒளித்துக் காய்ச்சிய சம்சு வேறொரு வடிவில் வந்தது. சிறிய போத்தலில் அடைத்த மலிவு மது மளிகைக் கடை அலமாரியிலேயே கிடைத்தது. தென்னங்கள்ளின் நான்கைந்து பங்கு எங்கே, இந்தச் சாராயத்தின் முப்பது நாற்பது பங்கு எங்கே! கள் வயிற்றை நிரப்பித்தான் போதையைத் தரும், குடிப்பவன் ஓர் அளவில் நிறுத்தியாக வேண்டும். இதற்கு அந்த அணை கிடையாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1980-களிலிருந்தே இந்த மலிவு மதுவை எதிர்த்து எழுதியும் பேசியும் வருகிறது. மது வாங்கும் குறைந்தபட்ச வயது 18-இலிருந்து 21 ஆனது 2017 டிசம்பரில்தான்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். பழமதுவிலும் சிறிதளவு மெத்தனால் இயல்பாகவே உண்டாகும், அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வராது. கொல்வது, தொழிற்சாலைக்கான மெத்தனாலை லாபத்துக்காகக் கலப்பவனின் கை. பார்வையைப் பறித்து, ரத்தத்தை அமிலமாக்கி, ஓரிரு நாளில் ஆளைச் சாய்க்கும். நாட்டு மது என்ற ஒரே பெயரில் கள்ளையும் பழமதுவையும் இந்த நஞ்சையும் சேர்த்துப் பேசுவது பிழையானது, ஆபத்தானதும்கூட. எதை மூட வேண்டும், எதைக் கண்காணிக்க வேண்டும் என்பது அப்போது குழம்பிப்போகிறது.

ரந்தாவ் இன்று வேறு ஊர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பின. செண்டாயான் பக்கம் புது நகரமே உருவாகிவிட்டது. லயத்தில் பிறந்தவர்கள் தாமானில் வாழ்கிறார்கள். தோட்டத்துப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மிஞ்சியிருக்கின்றன. பாளை சீவும் கத்தியைக் கையில் பிடித்துப் பழகியவர்கள், கடைக்கு முன்னால் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், ஆப்பத்துக்குக் கள் வாங்கப் போன பெண்கள் எல்லாரும் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

தோட்டத் தமிழன் குடித்துக் கெட்டான் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதும் பழக்கம் நம்மவரிடையேயும் ஊறிப்போயிருக்கிறது. கடையை அமைத்தவர் யார், அதன் லாபம் எங்கே போனது, அதை மூடச் சொல்லிச் சிறைக்கும் சாவுக்கும் போனவர்கள் யார் என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதட்டும். தோட்ட நிர்வாகங்களின் அறிக்கைகள் ஆவணக்காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. தொழிலாளியின் பக்கம்தான் எழுதப்படவில்லை. ரந்தாவிலும் சிலியாவிலும் லிங்கியிலும் வளர்ந்த வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கடைகளைப் பற்றிக் கேளுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பழைய சம்பளச் சீட்டோ புகைப்படமோ இருந்தால் பிரதி எடுத்துப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.